பார்மன் பேசாத பொருள்: கிறிஸ்தவத் தேசியமும் பெண்ணுரிமையும்

நம் இறையியற் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றைப் பயில்வோர், 1934-ஆம் ஆண்டின் பார்மன் அறிக்கையைக் கற்காமல் போவதில்லை. இயேசு கிறிஸ்து என்னும் ஒரே வார்த்தையைத் தவிர, நாட்டு நிகழ்ச்சிகளையோ தலைவர்களையோ இனத்தின் எழுச்சியையோ கடவுளின் வெளிப்பாடாகக் கொள்ளலாகாது என்று அவ்வறிக்கை துணிவுடன் உரைத்தது. அதனை நாம் மதிக்கிறோம், இனியும் மதிப்போம். ஆயினும் ஒரு விசுவாச அறிக்கையை மதிப்பது என்பது, அது சொன்னதை மட்டும் அன்றி, சொல்லாமல் விட்டதையும் ஆராய்வதாகும். பார்மன் அறிக்கை எதிர்த்து நின்ற கிறிஸ்தவத் தேசியம் பெண்களின் உரிமைகளுக்கு என்ன செய்தது? அதற்கு அறிக்கையிடும் திருச்சபை என்ன மறுமொழி கூறிற்று? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்வோம். தாய்நாட்டை நேசிப்பது கிறிஸ்தவத் தேசியம் அன்று. நாட்டுக்காக ஜெபிப்பதும், நல்ல குடிமகனாக வாழ்வதும் திருமறை நமக்கு இட்ட கடமைகள். ஒரு குறிப்பிட்ட நாடு அல்லது இனம் கடவுளால் தனியே தெரிந்துகொள்ளப்பட்டது, அதன் பண்பாடே கிறிஸ்தவம், அதன் சட்டமும் ஆட்சியும் அப்பண்பாட்டைக் காக்கவே உள்ளன என்று கொள்வதையே நாம் கிறிஸ்தவத் தேசியம் என்கிறோம். இக்கொள்கை எங்கு வேரூன்றினாலும், விரைவிலோ தாமதமாகவோ, பெண்ணின் இடம் எது என்னும் வினாவிற்கு வந்து சேர்கிறது. இது தற்செயல் அன்று என்பதே நம் வாதம்.

1. புகழ்ச்சியும் பறிப்பும்

ஜெர்மனியில் பெண்கள் 1918 நவம்பரில் வாக்குரிமை பெற்றனர். 1919 ஜனவரித் தேர்தலில் 37 பெண்கள் தேசிய மன்றத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். வைமார் அரசியலமைப்பு, ஆண்களும் பெண்களும் அடிப்படையில் ஒரே குடியுரிமைகளும் கடமைகளும் உடையவர் என்று ஏற்றது. அந்நாளைய சீர்திருத்தத் திருச்சபையினருள் பெரும்பாலோர் இதனை மகிழ்ச்சியுடன் வரவேற்கவில்லை. பேரரசரின் வீழ்ச்சியும், போரின் தோல்வியும், குடியரசும், பெண்ணின் விடுதலையும் அவர்களுடைய எண்ணத்தில் ஒரே சீர்கேட்டின் பல முகங்களாகத் தோன்றின. ஆகவே 1933-இல் குடும்பத்தையும் ஒழுக்கத்தையும் மீட்போம் என்று ஓர் அரசு எழுந்தபோது, பல குருமனைகளில் அது ஜெபத்தின் பதிலாகவே கருதப்பட்டது.

அதன் பின் நடந்தவற்றை வரிசைப்படுத்துவோம். 1933-இல் பொருளாதாரப் பாதுகாப்புடைய மணமான பெண் அரசு ஊழியர் பதவியிழக்க வழி செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதச் சட்டத்தின்படி புதுமணத் தம்பதியருக்கு 1,000 மார்க் வரை திருமணக் கடன் வழங்கப்பட்டது. மனைவி தன் வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடனில் கால் பங்கு தள்ளப்பட்டது. 1934-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் பெண்கள் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. 1936-இல் பெண்கள் நீதிபதிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் நியமிக்கப்படுவது நின்றது. நாடாளுமன்றத்தில் ஒரு பெண்ணும் இல்லை. 1938 டிசம்பரில் தாய்மைச் சிலுவை என்னும் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது: நான்கு பிள்ளைகள் பெற்றவளுக்கு வெண்கலம், ஆறு பெற்றவளுக்கு வெள்ளி, எட்டு பெற்றவளுக்குப் பொன். யூதத் தாய்க்கு அதில் இடமில்லை. கிறிஸ்துவின் பாடுகளின் அடையாளமாகிய சிலுவையே பிள்ளைப்பேற்றின் எண்ணிக்கைக்குப் பரிசாக மாறியதை இறையியல் மாணவர் கூர்ந்து நோக்க வேண்டும்.

இந்தப் பதக்கத்தின் மறுபுறமும் ஒன்றுண்டு. 1934 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ், பரம்பரை நோயுடையோர் எனத் தீர்க்கப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இவ்வாறு சிதைக்கப்பட்டோர் ஏறத்தாழ 4,00,000 பேர். அவர்களுள் சுமார் பாதிப்பேர் பெண்கள். அறுவையினால் மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. இதில் திருச்சபை கைகழுவிக்கொள்ள இயலாது. சீர்திருத்தச் சபைகளின் உள்நாட்டு அருட்பணி அமைப்பு 1931-ஆம் ஆண்டிலேயே திரைசா என்னும் ஊரில் கூடி, கருத்தடையைக் கொள்கையளவில் ஏற்றிருந்தது. பின்னர் அதன் இல்லங்களும் மருத்துவமனைகளும் சட்டத்தை நிறைவேற்றத் துணைநின்றன. ஒருத்தியைப் பெறு என்று கட்டாயப்படுத்தியதும், மற்றொருத்தியைப் பெறாதே என்று கட்டாயப்படுத்தியதும் ஒரே கொள்கைதான். தேசம் என்பது இரத்தம் என்றால், இரத்தம் பெண்ணின் கருவறை வழியாக வருவதால், தேசத்தை ஆள விரும்புவோர் கருவறையையும் ஆள விரும்புவர். பெண்ணின் உரிமை இங்குத் தற்செயலாக மிதிபட்டது அன்று. அதனை மிதிக்காமல் அக்கொள்கை ஓரடியும் நடக்க இயலாது.

பெண்கள் யாவரும் இதனை எதிர்த்தனர் என்றும் நாம் எண்ணிவிடலாகாது. நொய்லாண்ட் என்னும் சீர்திருத்தச் சபைப் பெண்களின் இயக்கத்தை நிறுவிய குய்டா டீல், 1933-க்கு முன்னரே நாட்சிக் கட்சியில் சேர்ந்தவர். அரசின் பெண்கள் அமைப்பிற்குக் கெர்ட்ரூட் ஷோல்ட்ஸ்-கிளிங்க் என்னும் பெண்ணே தலைமை தாங்கினார். உரிமையை இழந்தோர் பலர், தாம் பெற்ற புகழ்ச்சியை உரிமையினும் பெரிதென நம்பினர். பெண்ணை உயர்த்திப் பேசும் சொல் ஒவ்வொன்றும் அவளுக்கு நன்மை செய்வதாகாது என்பதற்கு இது போதிய சான்று.

2. 'படைப்பின் ஒழுங்கு' என்னும் வாதம்

இவற்றிற்கு இறையியல் அடித்தளம் இட்டது எது? குடும்பம், இனம், அரசு ஆகியவை கடவுள் படைப்பிலேயே நிறுவிய ஒழுங்குகள். அவற்றை மீறுவது கடவுளையே மீறுவது என்னும் கருத்து அந்நாளில் லுத்தரன் இறையியலாரிடையே செல்வாக்குடன் விளங்கிற்று. எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பவுல் அல்தௌஸும் வெர்னர் எலெர்ட்டும் இதன் பேராசான்கள். இவர்கள் சிறியோர் அல்லர். அல்தௌஸின் லுத்தர் ஆய்வுகள் இன்றும் கற்கப்படுகின்றன. அறிவின் குறைவினால் அன்று, அறிவின் துணைகொண்டே இத்தவறு நிகழ்ந்தது.

1933 செப்டம்பரில், யூத வழியில் வந்த கிறிஸ்தவர்களைக் குருத்துவத்தினின்று விலக்கலாமா என்ற வினா இவர்களிடம் வந்தது. இவர்கள் அளித்த கருத்துரையின் போக்கு நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. கிறிஸ்துவுக்குள் யாவரும் ஒன்றாயிருப்பது உலகிலுள்ள இயற்கை வேறுபாடுகளை நீக்கிவிடுவதில்லை என்றனர். சபைப் பணிக்கு வருவோரிடம் வயது, பால், உடல்தகுதி ஆகிய இயற்கைத் தகுதிகளைத் திருச்சபை மரபாகவே எதிர்பார்த்து வந்துள்ளது எனவும் சுட்டினர். அவ்வாறாயின் இனத்தையும் ஒரு தகுதியாகக் கருதுவதில் புதுமை என்ன என்பதே அவ்வாதத்தின் உட்பொருள். ஜெர்மானியக் கிறிஸ்தவர் என்னும் கட்சியினரோ இன்னும் வெளிப்படையாகப் பேசினர்: ஞானஸ்நானம் பெண்ணை ஆணாக்காதது போலவே யூதனை ஜெர்மானியனாக்காது என்றனர்.

இங்குச் சற்று நிற்போம். யூதக் கிறிஸ்தவனைப் பலிபீடத்தினின்று விலக்குவதற்கு எடுத்துக்காட்டாகப் பயன்பட்டது, பெண் ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்த உண்மைதான். கலாத்தியர் 3:28-இல் பவுல் யூதன், கிரேக்கன் என்பதையும், அடிமை, சுயாதீனன் என்பதையும், ஆண், பெண் என்பதையும் ஒரே மூச்சில் அடுக்குகிறார். அவ்வசனத்தின் மூன்றாம் பகுதியை 'ஆவிக்குரிய பொருளில் மட்டும்' என்று ஒதுக்கிப் பழகிய சபை, முதற் பகுதியும் அவ்வாறே ஒதுக்கப்பட்டபோது எதிர்க்கச் சொல்லின்றி நின்றது. ஒரு வசனத்தைப் பாதி மட்டும் நம்புகிறவன் அந்தப் பாதியையும் காத்துக்கொள்ள முடியாது.

இனி, 'படைப்பின் ஒழுங்கு' என்பதைத் திருமறையின் வெளிச்சத்தில் ஆராய்வோம். ஆதியாகமம் 1:27, 28 வசனங்களில் தேவசாயல் இருபாலார்க்கும் அளிக்கப்படுகிறது. பூமியை ஆளும் பொறுப்பும் இருவரிடமே ஒப்புவிக்கப்படுகிறது. 2:18-இல் பெண்ணைக் குறிக்க வரும் 'ஏசேர்' என்னும் எபிரெயச் சொல் பணிப்பெண்ணைக் குறிப்பதன்று; 121-ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் ஒத்தாசைக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. கணவன் மனைவியை ஆளுவான் என்னும் கூற்று முதன்முதலாக 3:16-இல் வருகிறது. அது வீழ்ச்சிக்குப் பின் பாவத்தின் விளைவுகளைக் கூறும் பகுதி. அடுத்த வசனங்களில் வரும் முள்ளையும் குருக்கையும் நாம் களைந்தெறியத் தயங்குவதில்லை. பிரசவ வேதனையைத் தணிக்க மருந்து தேடுவதைப் பாவம் என்பதில்லை. ஆளுகை ஒன்றை மட்டும் என்றுமுள்ள கட்டளையாகக் கொள்வது எந்த விளக்க முறைக்கும் ஏற்றதன்று. வீழ்ச்சியின் விளைவைப் படைப்பின் ஒழுங்காகக் கொண்டதே இவ்விறையியலின் மூலப்பிழை எனலாம்.

3. பார்மனின் மௌனம்

1934 மே 29 முதல் 31 வரை பார்மனில் கூடிய பேராளர்களுள் ஒரே ஒரு பெண் இருந்தார். பொமரேனியாவிலிருந்து வந்த ஸ்தெபானி ஃபோன் மாக்கென்சன் என்பவர் அவர். அறிக்கையின் நான்காம் கூற்று, திருச்சபையிலுள்ள பல்வேறு பணிகள் சிலர் சிலரை ஆளுவதற்கு உரியவை அல்ல, சபை முழுவதற்கும் ஒப்புவிக்கப்பட்ட ஊழியத்தை நிறைவேற்றுவதற்கே உரியவை என்று கூறுகிறது. இக்கூற்றை அதன் முடிவு வரை பின்பற்றியிருந்தால், ஆண் பெண்ணை ஆளும் சபை அமைப்பும் தானே வினாவிற்கு உட்பட்டிருக்கும். ஆனால் அவ்வினாவை அங்கே யாரும் எழுப்பவில்லை. யூதர் படும் துன்பத்தைப் பற்றியும் அறிக்கையில் ஒரு சொல் இல்லை. அதனை எழுதிய கார்ல் பார்த் 1967-இல் அதைத் தம் குறையாகவே ஒப்புக்கொண்டார்.

பெண்களைப் பற்றிய மௌனமோ வெறும் மறதி அன்று. அதே 1934-ஆம் ஆண்டில் ஹென்ரியத் விசர்ட் ஹூஃப்ட் அம்மையார், 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பார்த்திற்கு மடல் எழுதி, ஆணுக்கு முதன்மை உண்டென்னும் கருத்தைக் கேள்வி கேட்டார். பார்த் அம்முதன்மையை ஆதரித்தே மறுமொழி எழுதினார். 1951-இல் வெளிவந்த தம் திருச்சபைக் கோட்பாட்டியலின் பகுதியிலும் ஆணை முதலாவதாகவும் பெண்ணை அதன்பின் வருபவளாகவும் வரிசைப்படுத்தினார். இயற்கை இறையியலை எதிர்த்து ஒரே சொல்லில் 'இல்லை' என்று முழங்கிய பேரறிஞர், ஆண் பெண் உறவில் மட்டும் அதனைப் பின்கதவு வழியே உள்ளே வரவிட்டார் என்பது நம் மதிப்பீடு. இதனால் பார்த்தின் பெருமை குன்றுவதில்லை. ஆனால் கிறிஸ்துவே ஒரே வார்த்தை என்னும் கோட்பாட்டை அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்த வேண்டும் என்பதில்லை.

4. பணியில் நின்ற பெண்கள்

அறிக்கை பேசாததைச் சில பெண்கள் வாழ்ந்து காட்டினர். பெர்லினில் ஆசிரியையாயிருந்த எலிசபெத் ஷ்மித்ஸ், ஜெர்மானிய யூதர் படும் துன்பத்தை விவரித்து 1935-இல் ஒரு விண்ணப்ப அறிக்கை எழுதி, 1936-இல் அதற்குத் துணைப்பகுதியும் சேர்த்தார். ஏறத்தாழ 200 படிகள் திருச்சபைத் தலைவர்களுக்குச் சென்றன. ஆலோசனைச் சங்கங்கள் அதனை எடுத்துப் பேசவில்லை. 1938 நவம்பர் வன்முறைக்குப் பின் அவர் தம் ஆசிரியப் பணியைத் துறந்தார். பல்லாண்டுகள் அவ்வறிக்கை வேறொருவர் எழுதியதாகவே கருதப்பட்டது. அவர் 1977-இல் காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1999-இல்தான் உண்மை நிலைநாட்டப்பட்டது.

பிரெஸ்லௌ நகரில் பெண் விகாரியாயிருந்த கத்தரீனா ஷ்டாரிட்ஸ், 1941 செப்டம்பரில் மஞ்சள் விண்மீன் அணியக் கட்டாயப்படுத்தப்பட்ட சபையாரை அன்புடன் ஏற்று, அவர்களோடு அமருமாறு ஆயர்களுக்குச் சுற்றுமடல் எழுதினார். அவரைப் பணியினின்று முதலில் நிறுத்தியது காவல்துறை அன்று, திருச்சபையின் நிர்வாகம். 1942-இல் கைதான அவர் ராவென்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்டு 1943-இல் விடுவிக்கப்பட்டார்.

இவர்கள் எந்த நிலையில் நின்று இதனைச் செய்தனர் என்பதையும் அறிய வேண்டும். 1927-ஆம் ஆண்டுப் பிரஷ்யச் சபைச் சட்டத்தின்படி, இறையியல் முழுவதும் கற்றுத் தேறிய பெண், பெண்கள் சிறுவர் நடுவில் பணியாற்றும் விகாரியாகலாம். ஞாயிறு முதன்மை ஆராதனையில் பிரசங்கிக்கவோ திருவிருந்து பரிமாறவோ ஆகாது. மணம் செய்தால் பணி நீங்க வேண்டும். போரினால் ஆயர்கள் படைக்குச் சென்றபின், 1942 அக்டோபரில் ஹாம்பர்க்கில் கூடிய அறிக்கையிடும் திருச்சபையின் சங்கம், ஆண்களின் வாயினின்று பிரசங்கம் ஓய்ந்துபோகும் நெருக்கடிக் காலத்தில் பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று தீர்மானித்தது. ஆண் இல்லாத குறையை நிரப்பவே பெண் என்பதே அதன் பொருள். இத்தகைய குறைப் பணியை முன்னரே ஏற்க மறுத்திருந்த இல்சே ஹெர்டரையும், ஹன்னலோட்டே ரைஃபனையும் 1943 ஜனவரி 12-ஆம் நாள் சாக்சன்ஹௌசனில் குர்ட் ஷார்ஃப் ஆயர் ஆண்களுக்குரிய அதே முறைமையின்படி அருட்பொழிவு செய்தார். சிறைமுகாமின் பெயரால் உலகம் அறிந்த ஊரில் திருச்சபை ஒரு சுவரை இடித்தது. ஆனால் போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண்களுள் பலர் பழைய இடத்திற்கே அனுப்பப்பட்டனர். ஜெர்மானிய மாநிலச் சபைகளுள் கடைசியான ஷௌம்பர்க்-லிப்பே பெண்ணின் குருத்துவத்தை ஏற்றது 1991-இல்தான்.

5. இன்றைய நிலை

இது கடந்துபோன வரலாறு மட்டுமா? நாட்சி ஜெர்மனியையும் இன்றைய அமெரிக்காவையும் ஒன்றெனக் கூறுவது நேர்மையற்றது. அங்கே தேர்தலும் நீதிமன்றமும் எதிர்க்குரலும் உள்ளன. எனினும் வாதத்தின் வடிவம் நமக்குப் புதியதன்று. தென்பாப்திஸ்துக் கூட்டமைப்பு 1998-இல் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலைத் தன் விசுவாச அறிக்கையிலேயே சேர்த்தது. 2000-இல் ஆயர் பணியை ஆண்களுக்கே உரியதாக்கியது. 2024 பிப்ரவரியில் அலபாமா மாநில உயர்மட்ட நீதிமன்றம் உறைநிலையில் வைக்கப்பட்ட கருக்களைக் குழந்தைகள் எனத் தீர்த்தபோது, அதன் தலைமை நீதிபதி தம் தனிக்கருத்துரையில் திருமறையையும் கால்வினையும் மேற்கோள் காட்டினார். 2025 ஆகஸ்டில், ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரை மையமாகக் கொண்ட ஒரு சபைக் கூட்டமைப்பின் போதகர் சிலர், வாக்கு ஆளுக்கொன்றாக அன்றிக் குடும்பத்திற்கு ஒன்றாக இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் கூறினர். நாட்டின் பாதுகாப்புத் துறைச் செயலரே அக்காணொளியைப் பிறருக்குப் பகிர்ந்தார். 1920-இல் பெற்ற வாக்குரிமை நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் விவாதத்திற்கு வந்திருக்கிறது.

கருவிலுள்ள உயிரின் மதிப்பைப் பற்றிக் கிறிஸ்தவ மனச்சாட்சி கவலைகொள்வது முறையே. அதில் நம் வாசகர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அந்தக் கவலையையும், நாட்டின் அடையாளத்தைக் காக்கப் பெண்ணை வீட்டுத் தலைவனின் நிழலில் நிறுத்தும் அரசியலையும் நாம் பிரித்தறிய வேண்டும். முன்னது தாயின் குரலையும் கேட்கும். பின்னது அவளுக்குக் குரல் உண்டென்பதையே மறுக்கும்.

6. நம் பிரசங்க பீடத்திற்கு

லூக்கா 11:27, 28-இல் கூட்டத்திலிருந்த ஒரு பெண், ஆண்டவரைச் சுமந்த வயிற்றையும் அவர் பாலுண்ட முலைகளையும் பாக்கியம் என்று உரக்கப் புகழ்ந்தாள். ஆண்டவர் தம் தாயை இகழவில்லை. ஆனால் பாக்கியத்தின் இடத்தை மாற்றினார். தேவனுடைய வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொள்ளுகிறவர்களே மேலான பாக்கியர் என்றார். பெண்ணின் மதிப்பு அவள் கருவறையின் பயனில் இல்லை. வார்த்தையைக் கேட்கும் சீடத்துவத்தில் இருக்கிறது. தாய்மைச் சிலுவைக்குத் திருமறை தரும் மறுமொழி இதுவே. பார்மன் கூடிய நாளில் இவ்வசனம் யாவர் கையிலும் இருந்த வேதாகமத்தில் இருந்தது.

ஆகவே ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்று குறிப்புகளை முன்வைக்கிறோம். முதலாவது, திருமண ஆராதனையில் எபேசியர் 5-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது, 22-ஆம் வசனத்திலிருந்து தொடங்கலாகாது. ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனமே அப்பகுதியின் வாசல்; மூல கிரேக்கத்தின் பழைய படிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்திற்குத் தனி வினைச்சொல்லே இல்லை என்பதை நாம் வகுப்பறையில் கற்றதோடு விட்டுவிடலாகாது. இரண்டாவது, 'இயற்கை', 'மரபு', 'படைப்பின் ஒழுங்கு' என்னும் சொற்கள் வாதத்தில் வரும்போதெல்லாம், இதனால் யாருடைய உரிமை குறைகிறது என்று கேட்கப் பழக வேண்டும். மூன்றாவது, பெண்ணைப் போற்றும் ஆராதனைகளை நடத்தும் சபை, நிர்வாகக் குழுவிலும் நிதிக் குழுவிலும் பிரசங்க பீடத்திலும் அவளுக்கு இடம் தந்திருக்கிறதா என்று தன்னைச் சோதிக்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை 1976-இலேயே பெண்ணுக்குக் குருத்துவ அருட்பொழிவு செய்தது. அத்தீர்மானம் ஒவ்வொரு சேகரத்திலும் எந்த அளவு நடைமுறையாயிற்று என்பதை வாசகரே அறிவர்.

பார்மன் அறிக்கையை நாம் தொடர்ந்து கற்பிப்போம். கற்பிக்கும்போது ஷ்மித்ஸின் அறிக்கையையும் ஷ்டாரிட்ஸின் சுற்றுமடலையும் அதன் அருகே வைத்துக் கற்பிப்போம். கிறிஸ்து ஒருவரே ஆண்டவர் என்னும் அறிக்கை, சபையிலும் வீட்டிலும் நாட்டிலும் வேறு எந்த ஆண்டவனையும் பெண்ணின்மேல் நிறுவ இடங்கொடாது.